தக்கைப் பிடி (ஃபிளை தூண்டில் கோல்)

செயற்கைப் பூச்சியை வீசி மீன்பிடிக்கும் ஃபிளை தூண்டில் கோலில் கை பற்றும் பகுதி. எடை குறைவு, ஈரத்திலும் வழுக்காமை, கைக்கு இதம் ஆகியவற்றால் தக்கையே இதற்கு மிகவும் விரும்பப்படுகிறது.

மூலப்பொருள்: தக்கை ஓக் மரத்தின் பட்டை. உலக உற்பத்தியில் போர்ச்சுகல் முதலிடம் வகிக்கிறது. மரத்துக்குச் சுமார் 25 வயதானதும் பட்டையை முதன்முறை உரிப்பார்கள். பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை.

தரம்: பிடிக்காக அடுக்கி ஒட்டப்படும் தக்கை வளையங்கள் வழக்கமாக அரை அங்குலத் தடிமனில் கிடைக்கின்றன. உயர்ந்த தரம் ‘ஃப்ளோர்’ எனப்படும். அதில் குழிகள் மிகக் குறைவு. மலிவான வளையங்களில் குழிகளைத் தக்கைத்தூளும் பசையும் கொண்டு அடைத்திருப்பார்கள். நாளடைவில் அது உதிர்ந்துவிடும். மேலோட்டமான குழி கடையும்போது மறைந்துவிடும். உள்ளே ஓடும் குழியோ அப்போதுதான் வெளிப்படும். ஆகவே வளையத்தின் எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் பார்த்தே வாங்க வேண்டும். சிறந்தவற்றைக் கட்டைவிரல் பதியும் இடத்துக்கு ஒதுக்குவது நல்லது. அடிபடும் முனைகளுக்குக் கடினமான பர்ல் தக்கை ஏற்றது. ஆனால் எடை கூடும்.

வடிவம்: இலேசான கோல்களுக்குச் சுருட்டு வடிவம் பொருந்தும். கனமான கோல்களுக்கு இரு முனையும் புடைத்த ‘ஃபுல் வெல்ஸ்’ கட்டைவிரலுக்கு நல்ல தாங்கல் தரும்.

செய்முறை: வளையங்களை எபாக்சி பசையால் ஒட்டி, இறுக்கிக் காயவைத்து, கடைசல் இயந்திரத்தில் உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுப்பார்கள். கோலின் சரிவுக்கேற்ப உள்துளையை அரத்தால் ராவிப் பொருத்துவது முக்கியம். இடைவெளி விட்டால் பிடி ஆட்டம் காணும்.