நாய்கள் தந்த கொடை

அண்மையில் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் தம் முதிய நாய்க்கு உணவிட்டு, அது உண்டபின் கழுத்தருகே தோலைச் சற்றே தூக்கி இன்சுலின் ஊசி போட்டார். காலையும் மாலையும் இதுவே வழக்கமாம். "நாய்க்கு ஏன் இத்துணைப் பாடு என்று அயலார் நகைக்கின்றனர்" என்றார். திரும்பும் வழியெல்லாம் அம்மருந்தின் வரலாறே என் நெஞ்சில் நின்றது.

1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மிங்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் அறிஞர் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர்; அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நோயின் வேர் கணையத்தில் உளது என்பது அன்று புலனாயிற்று. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் இழந்த நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்தினர். இரத்தத்தில் சர்க்கரை தணிந்தது. காலிப் தூய்மைப்படுத்திய சாறு, 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனை மீட்டது. அவன் 1935 வரை வாழ்ந்தான். அந்நாய்களோ ஆய்வுக்கூடத்திலேயே மாண்டன.

இன்று நாய்க்கும் பூனைக்கும் அம்மருந்து பயன்படுகிறது. பூனைகளுள் சில காலப்போக்கில் ஊசியின்றியே வாழ்வதும் உண்டு. நாய்களுக்கோ பெரும்பாலும் ஆயுள் முழுதும் வேண்டும். அளவு மிகுந்தால் சர்க்கரை வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரும்; ஆதலின் கால்நடை மருத்துவர் சொல்லே அளவுகோல்.

மாணவர்களே, என் நண்பர் செய்வது வீண் பாடன்று. மனித குலம் பட்ட கடனுக்கு ஒரு சிறு வட்டி.