கூட்டப்படாத பேரவை: 1977 தேர்தலின் பின் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உட்பகை

1977 ஜூலை 21 பொதுத்தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் அதன் வசமாயின, கிழக்கில் நான்கு. ஏறத்தாழ 30 வீத வாக்குகளைப் பெற்றும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களுக்குள் ஒடுங்கிப் போனது. அதனால் நாடளாவிய வாக்கில் ஏழு வீதத்தைக்கூட எட்டாத கூட்டணி பிரதான எதிர்க்கட்சியானது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எந்த அரசிலிருந்து பிரிந்துபோக மக்களிடம் ஆணை கேட்டாரோ, அந்த அரசின் சபையிலேயே உயர்ந்ததொரு பதவி அவரைத் தேடி வந்தது. ஐந்தே ஆண்டுகளில் கட்சி உடைந்தது.

இந்த உடைவைத் தலைமுறைப் பூசலாகச் சொல்வதே வழக்கம்: சட்டம் படித்த மூத்த மிதவாதிகள் ஒருபுறம், கொதித்தெழுந்த இளைஞர் மறுபுறம். கட்சிக்கு வெளியே வளர்ந்த ஆயுதக் குழுக்களுக்கு இது பொருந்தலாம். கட்சிக்குள்ளே நடந்த சண்டைக்குப் பொருந்தாது. 1982இல் பிரிந்து தமிழீழ விடுதலை அணியைத் தொடங்கியவர்களில் முன்னின்ற வைத்தியர் தர்மலிங்கம் இளைஞர் அல்லர். கோவை மகேசனோ, கூட்டணியின் மூத்த தலைவராக இருந்த செல்வநாயகம் தொடங்கிய ‘சுதந்திரன்’ ஏட்டின் ஆசிரியர். தலைமையைக் குற்றஞ்சாட்டியவர்கள் அதே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் இருந்ததும் புதிய சித்தாந்தம் அன்று; கட்சியே அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்த தேர்தல் விஞ்ஞாபனம்.

அந்த விஞ்ஞாபனத்தை இன்று எடுத்துப் படிப்பவர் ஓர் இடத்தில் நின்றுவிடுவார். 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தனிநாட்டுக் கோரிக்கையை அது திரும்பச் சொல்வதோடு அமையவில்லை. தெரிவாகும் தமிழ்ப் பிரதிநிதிகள் கொழும்பில் தேசிய அரசுப் பேரவையின் உறுப்பினராக இருந்துகொண்டே, தமிழீழத்துக்கான தேசியப் பேரவையாகவும் தனியே கூடுவார்கள். அரசியலமைப்பு ஒன்றை வரைவார்கள். அமைதி வழியிலோ நேரடிப் போராட்டத்தாலோ அதை நடைமுறைக்குக் கொண்டுவருவார்கள் என்று வாக்களித்தது. கனவை மட்டும் காட்டியிருந்தால் தவணை சொல்லிக் காலம் கடத்தியிருக்கலாம். இது ஒரு செயல். யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருந்தது. பதினெட்டுப் பேரும் ஒரு மண்டபத்தில் கூடினாலே முதற்படி முடிந்துவிடும். அவர்கள் கூடவில்லை. கட்சிக்குள் எழுந்த கசப்பின் வேர் இதுதான் என்பது என் துணிபு.

தலைமைக்கும் நியாயம் இருந்தது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 168 ஆசனங்களில் 140 ஐக்கிய தேசியக் கட்சியிடம். தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் தமிழர் மீது வன்செயல் வெடித்தது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் குடும்பங்கள் உடுத்த துணியோடு வடக்கே வந்து சேர்ந்தன. அந்த வேளையில் போட்டிப் பேரவை ஒன்றைக் கூட்டியிருந்தால் தென்னிலங்கையில் எஞ்சியிருந்த தமிழரின் கதி என்னவாகியிருக்கும்? அவர்களுக்காக எழுந்து பேச எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனம் ஒன்றுதான் இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கை மக்கள் முன் வைத்து, பேரவையை ஏன் கூட்டவில்லை என்று விளக்கும் துணிவு தலைமைக்கு வரவில்லை. மேடையில் பழைய பேச்சே தொடர்ந்தது. இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்ட காலம் அது. அந்தத் திலகத்தை ஏற்ற நெற்றியோடுதான் தலைவர்கள் கொழும்புக்கு ரயிலேறினார்கள். ஆக, மிதவாதமும் தீவிரமும் இரு அணிகளாகப் பிரியுமுன், ஒரே தலைவரின் இரு பேச்சுகளாகவே இருந்தன. ஊரில் ஒன்று, சபையில் ஒன்று. கிழக்கில் வென்ற நால்வரில் கனகரத்தினமும் இராசதுரையும் 1979க்குள் ஆளுங்கட்சிக்குத் தாவியது, தலைமையின் ஒவ்வோர் இணக்கத்தையும் இன்னொரு தாவலாகப் பார்க்கவைத்தது.

1980இன் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் இந்த இரட்டைப் பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தனிநாட்டுக்கு ஆணை பெற்ற கட்சி, போதிய நிதியோ அதிகாரமோ இல்லாத மாவட்டச் சபையை ஏற்றது. இடைக்காலத் தீர்வு என்றது தலைமை. வட்டுக்கோட்டை ஆணையைக் கைவிட்ட துரோகம் என்றது எதிரணி. வாதத்தைத் தீர்த்தது கட்சி மாநாடு அன்று. சபைத் தேர்தல் 1981 ஜூன் 4இல் நடக்கவிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, மே 31 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. மிதவாதத்தின் மடியில் இருந்த கடைசி வாதத்தையும் அரசின் படையினரே கொளுத்தினார்கள். ஜூலையிலேயே ஆளுங்கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். பேசுவதற்கென்று காத்துவைத்த ஆசனமும் பெறுமதியிழந்தது. மறுவருடம் பிரிந்துபோனவர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் தேவைப்படவில்லை.

1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் தனிநாட்டுக்கு எதிராகச் சத்தியம் செய்யுமாறு உறுப்பினர்களைக் கேட்டது. கூட்டணியினர் மறுத்தார்கள், சபைக்குப் போகாமலே ஆசனங்களை இழந்தார்கள். ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக ஊர்ப் பேச்சும் சபை நடத்தையும் ஒன்றாயின. அதற்குள் கேள்வி கட்சியின் கையைவிட்டு ஆயுதம் ஏந்தியவர்களிடம் போயிருந்தது. விஞ்ஞாபனம் சொன்ன பேரவை ஒரு நாளும் கூட்டப்படவில்லை.