தொப்பூர் கணவாயும் ஓனர் போட்ட வாய்ப்பூட்டும்

ஐ.டி. கம்பெனில சேர்ந்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். முதல் நாள் ஹெச்.ஆர். நீட்டுற காகிதக் கட்டுல 'சோசியல் மீடியா பாலிசி'ன்னு ஒண்ணு இருக்கும். கிளையண்ட் பேரைச் சொல்லக்கூடாது, ஆபீஸ் படம் போடக்கூடாது, சொந்தக் கருத்துன்னா சொந்தக் கருத்துன்னு சொல்லணும், இப்படி பக்கம் பக்கமா போகும். யாரும் படிக்கிறதில்ல, கையெழுத்து மட்டும்தான் :-)

எங்க தர்மபுரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர் தேறுவார். உங்க ஓனரும் இந்த மாதிரி எழுதி வாங்குவாரான்னு பாலக்கோட்டுல இருந்து தக்காளி லோடு ஏத்துற மாமா ஒருத்தர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "எழுதி எல்லாம் எதுக்கு மாப்ள? ஃபோன் வரும். அழிச்சிடுன்னுவாரு. அழிச்சிடுவோம்." அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தது தேஞ்சு போன டயர் ஒண்ணோட படம். பத்து நிமிசத்துல ஃபோன் வந்துச்சாம். ஸ்டேட்டஸ் போயிடுச்சு, டயர் அடுத்த மாசம்தான் மாறுச்சு.

அதுல இருந்து இதோட பழைய கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன். டிரைவர் பேசுறதும், அது யாருக்கோ கடுப்பாகுறதும் இன்னிக்கு நேத்து வந்ததில்ல.

அமெரிக்காவுல 1973 எண்ணெய் நெருக்கடி சமயம். டீசல் விலை ஏறுது, பங்க்ல ரேஷன், வேக வரம்பை மணிக்கு 55 மைலா குறைக்கிற பேச்சு. அப்ப லாரிக்காரங்க கையில இருந்தது சி.பி. ரேடியோ. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யிற, சில மைல் தூரத்துக்குப் பேசிக்கிற சின்ன பெட்டி. எந்த பங்க்ல டீசல் இருக்கு, எந்த வளைவுல போலீஸ் நிக்குதுன்னு பேசிக்கிட்டாங்க. அந்த டிசம்பர்ல பென்சில்வேனியாவுல ஜே.டபிள்யூ. எட்வர்ட்ஸ்னு ஒரு டிரைவர் நெடுஞ்சாலை 80ல வண்டியை நிறுத்திட்டார். ரேடியோவுல அவர் குரலைக் கேட்டு பின்னாடி வந்தவங்களும் நிறுத்த, சாலையே மறிச்சுப் போச்சு. சில நாள்ல வேற மாநிலங்களுக்கும் பரவிடுச்சு.

எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்ணு. ரேடியோவுல யாரும் சொந்தப் பேர்ல பேசல, ஆளுக்கு ஒரு புனைபெயர். எட்வர்ட்ஸோட பேர் 'ரிவர் ராட்', ஆத்து எலி. போலீசும் கேட்கும், முதலாளியும் கேட்கலாம், அதனால முகமூடி. புனைபெயர்ல எழுதுற நம்ம சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

அங்க அடுத்த கட்டமா சட்டம் வந்து நின்னுச்சு. சம்பளம், வேலை நிலைமை பத்தி தொழிலாளிங்க தங்களுக்குள்ள சேர்ந்து பேசுறதை 1935ம் வருசத்துச் சட்டம் பாதுகாக்குது. 2009ல கனெக்டிகட் மாநிலத்துல ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனி, மேலதிகாரியைத் திட்டி ஃபேஸ்புக்ல எழுதின ஊழியரை வேலையை விட்டு அனுப்புச்சு. தொழிலாளர் வாரியம் கம்பெனி மேல புகார் பதிவு பண்ணிடுச்சு. 2011 பிப்ரவரில சமரசம் ஆனப்ப, ரொம்ப அகலமா எழுதி வச்சிருந்த விதிகளைத் திருத்துறதா கம்பெனி ஒத்துக்கிச்சு. எழுதி வச்ச பாலிசி இருந்ததாலதான் 'இந்த வரி தப்பு'ன்னு ஒருத்தர் விரல் வைக்க முடிஞ்சது. ஃபோன்ல சொன்ன 'அழிச்சிடு' மேல எங்க விரல் வைக்கிறது?

இனி நம்ம ஊருக்கு வருவோம். நம்ம லாரில சி.பி. ரேடியோ எல்லாம் கிடையாது. எஸ்.டி.டி. பூத் காலத்துல டிரைவர் நாக்பூர்ல இருந்து கூப்பிட்டாதான் வண்டி எங்க இருக்குன்னு ஓனருக்குத் தெரியும். நடுவுல மூணு நாள் டிரைவர் ராஜா. 2003 மே மாசம் இன்கமிங் கால் இலவசம் ஆச்சு, டிரைவர் கையிலயும் செல்போன் வந்துச்சு. ஓனர் நினைச்ச நேரம் கூப்பிடலாம். 2021 பிப்ரவரில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதும், பாளையம் டோல்கேட்டைத் தாண்டின நிமிசமே ஓனருக்கு எஸ்.எம்.எஸ். போயிடுது. செல்போன் நம்ம லாரிக்குள்ள முதல்ல ஓனரோட கயிறாத்தான் நுழைஞ்சது. டிரைவர் அதையே தன் பக்கம் திருப்பினது 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா மலிஞ்ச பிறகு.

திருப்பினதும் என்ன போட்டாங்க? சமையல், மழை, மலைப்பாதை. ஜார்க்கண்ட் ராஜேஷ் ராவானி லாரிக்குள்ள மட்டன் சமைச்சே லட்சக்கணக்கான பேரைச் சேர்த்துட்டார். தமிழ்லயும் அப்படி நிறைய சேனல் இருக்கு, நான் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறவன்தான். ஆனா கொஞ்ச நாள் பார்த்தா ஒண்ணு புரியும். சோறு போட்டா ஓனர் ஒண்ணும் சொல்றதில்ல. ஓவர்லோடு, தூங்காத ராத்திரி, வழியில கொடுத்த மாமூல், வராத பேட்டா, இதெல்லாம் அபூர்வம்.

ஓனர் பக்கமும் நியாயம் இருக்கு. 2016 செப்டம்பர் 12 காவிரி கலவரத்துல பெங்களூருல கே.பி.என். பஸ்ஸுங்க 30க்கு மேல எரிஞ்சது, தமிழ்நாட்டு நம்பர் லாரிகளும் தப்பல. டி.என். 29னு நம்பர் பிளேட் தெரியிற மாதிரி ஒரு படம் போட்டா வண்டி எங்க நிக்குதுன்னு ஊருக்கே தெரியும். தேஞ்ச டயர் படம் இருந்தா இன்சூரன்ஸ்காரன் அதையே காட்டுவான். ஓட்டிக்கிட்டே கையில ஃபோன் வச்சு வீடியோ எடுக்கிறதை நானும் ஆதரிக்கல. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது மோட்டார் வாகனச் சட்டம் 184ம் பிரிவுல ஆபத்தான ஓட்டுதல் கணக்குல வருது. முதல் தடவைக்கே 1,000ல இருந்து 5,000 ரூபா அபராதம், ஜெயிலும் உண்டு.

ஆனா தொப்பூரைப் பாருங்க. தர்மபுரில இருந்து சேலம் போறப்ப அந்தக் கணவாய் இறக்கம். 2020 டிசம்பர் 12 அன்னிக்கு ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிங்க மேல ஏறி 4 பேர் செத்தாங்க. 2024 ஜனவரி 24 இரட்டைப் பாலத்துல மறுபடி 4 பேர். ரெண்டாவதோட கேமரா வீடியோ எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கே நாலு குரூப்ல இருந்து. கீழ கமெண்ட் முழுக்க 'டிரைவர் குடிச்சிருப்பான்'.

அந்த இறக்கத்துல அடிக்கடி சொல்லப்படுற காரணம் வேற. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விடுறது. கியர்ல இருந்தா இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்னா மொத்த பாரமும் பிரேக் டிரம் மேல. சூடேறி பிரேக் பிடிக்காது. இன்ஜினையும் அணைச்சுட்டா ஏர் பிரேக்குக்கு காத்து ஏத்துற கம்ப்ரசரும் நின்னுடும். நியூட்ரல்ல போகாதேன்னு அங்க போர்டு வச்சிருக்காங்க. அப்புறமும் ஏன் விடுறாங்கன்னு மாமாகிட்ட கேட்டேன். "டிரிப்புக்கு இத்தனை லிட்டர்னு கணக்கு மாப்ள. மேல போனா நம்ம காசு." இந்த ஒரு வரியை டிரைவர் வாயால எந்த வீடியோவுலயும் நான் கேட்டதில்ல. மாமாகிட்ட ஸ்டேட்டஸ்ல வைக்கச் சொல்லவும் எனக்கு தைரியம் இல்ல.

டிரைவருங்க ஒருதரம் ஒட்டுமொத்தமா பேசினாங்க. 2023 டிசம்பர்ல பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறுச்சு. அதுல 106(2)ம் பிரிவு, விபத்து பண்ணிட்டு தகவல் சொல்லாம ஓடினா 10 வருசம் வரை ஜெயில்னு சொல்லுச்சு. கவனக்குறைவா உயிர்ப்பலி ஆக்கினதுக்கு பழைய 304ஏ-ல 2 வருசம்தான். அங்கயே நின்னா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்களேங்கிற பயம் வீடியோ வீடியோவா பறந்துச்சு. 2024 ஜனவரி 1, 2 தேதிகள்ல வட மாநிலங்கள்ல லாரி நின்னு, பெட்ரோல் பங்க்ல கியூ. ஜூலை 1 அன்னிக்கு சட்டம் அமலுக்கு வந்தப்ப அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வச்சாங்க. ஆனா டெல்லில உள்துறைச் செயலரோட உட்கார்ந்து பேசினது அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ், அதாவது ஓனர்கள் சங்கம். அந்த விசயத்துல ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம், அதனால யாரும் 'அழிச்சிடு'ன்னு ஃபோன் பண்ணிருக்க மாட்டாங்க. டீசல் கணக்கு அப்படி இல்லையே.

1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், தூரப் பயணத்துக்கு அனுமதியோட 10 வரைன்னு எழுதி வச்சுது. ஆனா 5 பேர் அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். ஒண்ணு ரெண்டு வண்டி வச்சிருக்கிற எங்க பக்கத்து ஓனர்கிட்ட அது எட்டிக்கூடப் பார்த்ததில்ல. 2020ல நிறைவேத்தின தொழிலாளர் சட்டத் தொகுப்புல அதையும் சேர்த்துக் கரைச்சுட்டாங்க.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பெரிய ஃப்ளீட் வச்சிருக்கிறவங்க இப்ப டிரைவர்கிட்ட வீடியோ பத்தி ஏதாவது எழுதி வாங்குறாங்களா? அந்தப் பக்கத்து மக்கள் யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்தக் காகிதத்துல டீசல் கணக்கு பத்தி வரி ஏதும் இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.