ங்கோலா என்னும் இரும்புத் துண்டு

ஆப்பிரிக்காவின் மேலைக் கடற்கரையிலுள்ள அங்கோலா, ஓர் அரசனின் பட்டப்பெயரைத் தன் பெயராகக் கொண்ட நாடு. குவான்சா, லுக்காலா ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலத்தில், கிம்புந்து மொழி பேசிய மக்கள் தம் எண்டோங்கோ அரசின் தலைவனை ‘ங்கோலா’ என்றழைத்தனர். மெய் மொழிமுதலாகாது என்று கற்ற நம் நாவுக்கு இச்சொல் சற்று இடறும். குலத்தலைமையின் சின்னமான சிறு இரும்புத் துண்டுக்கும் அதுவே பெயர். கோடரியும் கத்தியும் அம்புமுனையும் வடித்துக் குடிகளுக்கு உதவிய கொல்லனே முதல் அரசன் என்பது அவர்தம் செவிவழி வரலாறு. உலைக்களத்தில் ஓர் அரசு பிறந்ததாகச் சொல்லும் இம்மரபு எனக்கு மிகவும் உவப்பானது. போர்த்துக்கீசியரோ பட்டப்பெயரையே நாட்டுக்குப் பெயராக்கிவிட்டனர்.

1560இல் தூதனாக வந்த பாவ்லோ டயஸ் டி நோவாய்ஸ், 1575இல் படையோடு மீண்டு லுவாண்டாவை நிறுவினான். 1589ஆம் ஆண்டின் இறுதியில் எண்டோங்கோவும் அயல்நாடான மத்தம்பாவும் ஒன்றுகூடி, லுக்காலாக் கரையில் போர்த்துக்கீசியரை முறியடித்தன. ஆயினும் 1618இல், இம்பங்காலா என்னும் போர்க்குழுவினரின் துணையுடன் தலைநகர் கபாசா சூறையாடப்பட்டது. ஆயிரமாயிரவர் அடிமைகளாகக் கப்பலேறினர். 1619இல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட இருபது பேரளவினரும் இப்போரில் பிடிபட்டோரே என்பது ஆய்வாளர் முடிவு.

1622இல் லுவாண்டாவுக்குத் தூது சென்றவள் அரசனின் உடன்பிறந்தாள் என்ஜிங்கா. ஆளுநன் அவளுக்கு நாற்காலி இடவில்லை. பணிப்பெண்ணொருத்தியின் முதுகில் அவள் அமர்ந்து பேசினாள் என்று இத்தாலியப் பாதிரியார் கவாத்சி எழுதுகிறார். ஓவியர் பலர் தீட்டி மகிழ்ந்த காட்சி இது. குனிந்திருந்த பெண்ணின் பெயர் நான் கண்ட நூல் எதிலும் இல்லை.

1624இல் ஆட்சி ஏற்ற என்ஜிங்கா, எண்டோங்கோவிலிருந்து விரட்டப்பட்டபின் மத்தம்பாவை வென்று அங்கிருந்து போரிட்டாள். 1641இல் லுவாண்டாவைக் கைப்பற்றிய டச்சுக்காரரோடு நட்புக் கொண்டாள். சிறையிலிருந்தவாறே அவளுக்கு மறைவாகச் செய்தி அனுப்பிய தங்கை கிஃபுஞ்சியைப் போர்த்துக்கீசியர் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். இன்னொரு தங்கை முகம்பு சிறையிலேயே இருந்தாள்.

1655இல் ஆளுநருக்கு என்ஜிங்கா சொல்லச்சொல்ல எழுதப்பட்ட மடலொன்று எஞ்சியுள்ளது. தங்கையை விடுவிப்பதாக முன்னைய ஆளுநர்கள் வாக்களித்ததையும், அதற்கெனத் தான் கணக்கற்ற அடிமைகளைக் கொடுத்தும் அவர்கள் சொல் தவறியதையும் அதில் முறையிடுகிறாள். அடிமை வணிகரை எதிர்த்து முப்பதாண்டு போரிட்டவளின் கையிலும் கொடுப்பதற்கு இருந்தவர்கள் மனிதர்களே. மறு ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 130 அடிமைகளை ஈடாகப் பெற்றுக்கொண்டு முகம்புவை அனுப்பிவைத்தனர்.