இழைமணியும் செல்லின் சாவும்

மும்பைக் கல்லூரியொன்றில் விலங்கியல் நடத்திய நாட்களில், 'இழைமணி என்றால் செல்லின் பவர் ஹவுஸ்' என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுவேன். செல் சாவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் துணிந்து சொல்லியிருக்கிறேன். அது தப்பு.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. 1972-இல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர், செல் தானே சுருங்கி ஓசைப்படாமல் மடியும் முறைக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். இலையோ இதழோ உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல் அது. அபர்டீன் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் எடுத்துக்கொடுத்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கரு உடைந்த பின்னும் இழைமணிகள் பெரும்பாலும் குலையாமல் தெரிந்தன. அப்புறம் அதன்மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

1990-இல் ஒரு பொறி தட்டியது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் இழைமணியில் இருப்பதாகக் கோர்ஸ்மையர் குழு சொன்னது. ஆனால் 1993-இல், இழைமணியின் டிஎன்ஏ இல்லாத செல்களும் இதே மாதிரி சாகின்றன என்று தெரியவர, பேச்சு அடங்கிவிட்டது.

1996-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் சியாவோடொங் வாங் குழுவினர், ஹீலா செல்களை உடைத்தெடுத்த சாற்றில் டிஏடிபி சேர்த்தால் கொல்லும் நொதியான காஸ்பேஸ் விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடியபோது, தேவையான புரதம் ஒன்று இளஞ்சிவப்பு நிறத்தில் வந்து நின்றது. சைட்டோகுரோம் சி! மூச்சுச் சங்கிலியில் எலக்ட்ரான் கடத்துவதாக நான் பாடம் நடத்திய அதே ஆள்.

படித்தபோது நான் நம்பவில்லை. செல்லை உடைக்கையில் தவறிக் கசிந்திருக்கும் என்றே நினைத்தேன். அது பாதி நிஜம்தான். சுக்ரோஸ் சேர்த்து இழைமணி உடையாமல் சாறு எடுத்தால் அந்தப் புரதம் அதில் அநேகமாக இல்லை. ஆனால் சாகத் தூண்டப்பட்ட செல்லில் அப்படி எடுத்தாலும் இருந்தது! அதாவது, செல்லே அதை வெளியே விட்டிருக்கிறது. 1997-இல் இரண்டு குழுக்கள், பிசிஎல்-2 அந்தக் கசிவைத் தடுக்கிறது என்று காட்டின. வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர, அவை ஏழாகக் கூடிச் சக்கரம்போல் அமைந்து காஸ்பேஸ்-9-ஐ முடுக்கிவிடும்.

பிசிஎல்-2-வின் தடையை விலக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மருந்து, 2016-இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

1998-இல் என் நோட்ஸில் பழைய வரியை அடித்துவிட்டேன். அதற்கு முன் படித்துப் போன பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வழியில்லை. அவர்களில் யாராவது இந்த மலரைப் புரட்டினால், அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளட்டும் என்றே எழுதினேன்.