வெயில் வந்து கலந்தது

முழங்கால் வலிக்குக் களிம்பு தடவிக்கொண்டவர், வலி குறைந்த சந்தோஷத்தில் வெயிலில் உலாவப் போவது இயல்புதானே? பிரான்ஸ் தேசத்தில் கீட்டோப்ரோஃபென் களிம்பு பூசியவர்களில் சிலருக்கு அந்த உலாவல்தான் வினையாக முடிந்தது; தோல் சிவந்து கொப்புளித்தது. மருந்து தனியே செய்த தீங்கல்ல, வெயில் தனியே செய்ததும் அல்ல. தோலில் ஊறிய மருந்தைப் புற ஊதாக் கதிர் மாற்றிவிட, உடம்பு அதைப் பகையென்று எண்ணிப் போர் தொடுத்தது!

வெயிலுக்குப் பயந்து பூசும் கிரீம்கள் பலவற்றில் உள்ள ஆக்டோகிரிலீனும் இவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடையே சுட்ட கதை!

2009 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டார்கள். அந்த உத்தரவை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வலியால் நடக்க முடியாதவர்களின் கட்சியும் உண்டல்லவா? 2010 ஜூலையில் ஐரோப்பிய மருந்து நிறுவனம் களிம்பை விலக்கவில்லை. டாக்டர் சீட்டுடன்தான் கொடுக்க வேண்டும்; பூசும் நாட்களிலும், நிறுத்திய பின் இரண்டு வாரமும், மங்கலான வெயிலில்கூட அந்த இடத்தைத் துணியால் மூட வேண்டும் என்றது.