கொள்ளைநோயும் கூலியும்: ஒரு வரலாற்று நோக்கு



நோய் வந்தால் வைத்தியர் மருந்து தருவார். நோய்க்குப் பயந்து கடையைப் பூட்டிய நாளில் அடுப்பெரிய வழி செய்பவர் யார்? இந்தக் கேள்வி 2020ஆம் ஆண்டு எம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்றது.

அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி எமது நோத்விக் பார்க் வைத்தியசாலை, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாமல் நெருக்கடி நிலை அறிவித்தது. 23ஆம் திகதி இரவு பிரதமர் பொறிஸ் ஜோன்சன் நாட்டையே முடக்கினார். ஈலிங் வீதியில் புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் பூட்டப்பட்டன. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. அந்த முதல் அலையில், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணித்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிகக் கூடிய கொவிட் மரண வீதத்தைக் கண்ட இடம் எமது பிறென்ற் பகுதியே. ஆகவே இவ்வரலாறு எமக்கு வெறும் ஏட்டுக் கதையன்று.

இலண்டன் மாநகருக்கு இத்தகைய சோதனை புதிதுமன்று. 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில், நோய் கண்ட வீட்டின் கதவில் சிவப்புச் சிலுவை தீட்டி, நோயாளரையும் நோயற்றோரையும் ஒன்றாக 40 நாட்கள் உள்ளே அடைத்து, வெளியே காவலாளியை நிறுத்தினர். உள்ளே இருப்பவன் எதை உண்பான்? இதற்கு 1604ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்திருந்தனர். நோயுற்றோரைத் தாபரிக்க ஊரவரிடம் தனி வரி அறவிடலாம் என்பது அதன் சாரம். அவ்வாறு திரண்ட பணத்தில் ஏழை வீடுகளுக்கு உணவு சென்றது. அரசர் இரண்டாம் சாள்ஸ் நகரை விட்டகன்றார். செல்வர் பலரும் வெளியேறினர். அவர்கள் கைவிட்டுச் சென்ற பணியாட்கள் வேலையும் கூரையும் இழந்து தெருவில் நின்றனர். அவர்களிற் பலருக்குக் கிடைத்த பிழைப்பு, காவல் நிற்பதும் பிணம் சுமப்பதுமே.

அடுத்த பெரிய படி 1911ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ் தேசிய காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் என்று பங்கு போட்டு, அதற்கான முத்திரையை ஓர் அட்டையில் ஒட்டுவர். நோயில் விழுந்த ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்தது. 1918, 1919ஆம் ஆண்டுகளின் விஷக்காய்ச்சல் இந்நாட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, அந்த அட்டை பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. ஆனால் வேலைக்குப் போகாத மனைவிக்கு அட்டை இல்லை. சொந்தமாகச் சிறு கடை வைத்திருந்தவனுக்கும் பொதுவாக அது இல்லை.

எமது தாயகத்தையும் நினைக்க வேண்டும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகள் பெரிதும் வாடின. அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. வேலை செய்தால் கூலி உண்டு. ஆனால் குளிர்காய்ச்சலில் நடுங்குபவன் மண்வெட்டியைத் தூக்குவது எப்படி? உதவி இருந்தும் அதைப் பெறும் வலு அவனிடம் இருக்கவில்லை.

இனி 2020க்கு வருவோம். மார்ச் 20ஆம் திகதி நிதியமைச்சர் றிஷி சுனாக், வேலை நிறுத்திவைக்கப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 80 வீதத்தை, மாதம் 2,500 பவுண் வரை, அரசாங்கமே தரும் என அறிவித்தார். ‘ஃபேர்லோ’ என்ற சொல்லை எம்மில் பலர் அன்றுதான் கேள்விப்பட்டோம். 2021 செப்டெம்பர் முடிய நடந்த இத்திட்டம் ஒரு கோடியே 17 இலட்சம் வேலைகளைத் தாங்கியது. செலவு ஏறத்தாழ 7,000 கோடி பவுண். மார்ச் 26ஆம் திகதி சுயதொழில் புரிவோருக்கும் அவர்களது இலாபத்தில் 80 வீதம் என்ற அறிவிப்பு வந்தது. சிறு கடைகளுக்கு நகரசபை வழியாக 10,000 அல்லது 25,000 பவுண் நன்கொடை கிடைத்தது. மே மாதம் 4ஆம் திகதி முதல் வங்கிகள், அரசாங்கத்தின் முழு உத்தரவாதத்தில், 50,000 பவுண் வரை இலகு கடன் வழங்கின. முதலாண்டு வட்டியை அரசாங்கம் கட்டியது. பின்னர் வட்டி 2.5 வீதம். கேட்டவுடன் கிடைத்ததால் அதை நன்கொடைபோல் எண்ணியவரும் உண்டு. ஆயினும் கடன் கடனே.

இவை பேருதவிகள், மறுப்பதற்கில்லை. அதே ஏப்ரலில் இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபாவும், தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாவும் வழங்கப்பட்டதை எண்ணினால், இவ்வுதவியின் பருமன் விளங்கும். ஆனால் இவை யாவற்றுக்கும் வாசல் ஒன்றே: பதிவு. மார்ச் 19க்கு முன் வரித் திணைக்களத்துக்கு அறிவித்த சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவனுக்கே ஃபேர்லோ. 2018, 2019 வரி ஆண்டுக்குக் கணக்குக் காட்டியவனுக்கே சுயதொழில் உதவி. அதன் பின் தொழில் தொடங்கியவன் முதலில் வெறுங்கையோடு நின்றான். பிறர் கடைக்குள் ஒரு மேசை வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்தவனின் பெயர் கடை வரிப் பதிவில் இல்லாததால், மே மாதத்தில் 61 கோடி 70 இலட்சம் பவுண் மேலதிக நிதி வரும்வரை அவன் காத்திருக்க நேர்ந்தது. நோயுற்றோருக்கான சட்டபூர்வ ஊதியமோ அப்போது வாரம் 95 பவுண் 85 பென்ஸாகவே இருந்தது. வாரம் 120 பவுணுக்குக் குறைவாக உழைத்தவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

விசாவில் வந்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுக்கு ஃபேர்லோ தடைப்படவில்லை. ஆனால் வேலையே போய்விட்டால் பொது நிதியைத் தொட முடியாது. 2020 மே 27ஆம் திகதி ஈஸ்ற் ஹாம் தொகுதி உறுப்பினர் ஸ்டீபன் ரிம்ஸ் இதனைப் பாராளுமன்றக் குழுவில் எழுப்பியபோது, இப்படி ஒரு நிபந்தனை இருப்பது பிரதமருக்கே புதிய செய்தியாகத் தோன்றியது.

இங்கே எம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாரம் 50 மணி நேரம் உழைக்கும் ஊழியனைக் கணக்கில் 16 மணி நேரமாகக் காட்டும் வழக்கம் எமது கடைகளில் இல்லவே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? நல்ல காலத்தில் அது இருவருக்கும் இலாபமாகத் தோன்றும். கெட்ட காலம் வந்ததும் அந்த 16 மணிக்குரிய சம்பளத்தின் 80 வீதமே ஊழியன் கைக்கு வந்தது. கணக்கில் ஏறாத கைக்காசுக்கு உழைத்தவனுக்கு அதுவும் இல்லை. வரிக்குப் பயந்து இலாபத்தைக் குறைத்துக் காட்டிய முதலாளிக்கும் அதே கதிதான்.

1604இன் ஊர் வரி, 1911இன் அட்டை, 2020இன் சம்பளப் பட்டியல் என உதவியின் கை நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏட்டில் பெயர் இல்லாதவனே வெளியே நின்றான். அவனுக்கு அன்று சோறு கொடுத்தவர்கள் உறவினரும் அயலவரும், சமைத்துப் பகிர்ந்த ஆலயங்களும் குருத்வாராக்களுமே.

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும். கடை வைத்திருக்கும் அன்பர்கள் ஊழியரின் உண்மையான மணி நேரத்தைச் சம்பளப் பட்டியலில் எழுதுவார்களாக. ஊழியர்கள் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவார்களாக. கணக்கியல் கற்ற எமது இளைஞர்கள், படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கும் புதிதாய் வந்தவருக்கும் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவார்களாயின், அதுவும் ஆலயத் தொண்டே ஆகும். அடுத்த நோய் எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. அது வரும் நாளில் எம்மவர் ஒருவரின் பெயரும் ஏட்டுக்கு வெளியே நிற்கலாகாது.